மருந்தில்லாச் சிகிச்சைக்கும் அளவு உண்டு

பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தலையில் பேன் இருந்தால், மருந்தே போடாமல் சீப்பால் மட்டும் ஒழிக்க முடியும். ஆனால் ஒருநாள் உட்காரவைத்து வாரி, நாலைந்து பேனை நசுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்தால், பத்து நாளில் தலை மறுபடி அரிக்கும். முடியோடு ஒட்டிக் கிடக்கும் ஈரெல்லாம் சீப்புக்கு வராது. அவை ஒரு வாரம், பத்து நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு முட்டையிடும் பருவத்துக்கு வர இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளிக்குள் அதைப் பிடித்துவிட வேண்டும். அதனால்தான் 1, 5, 9, 13 ஆகிய நாள்களில் வாரச் சொல்கிறார்கள். 17ஆம் நாள் சரிபார்ப்பு.

முடியை அலசி, ஈரத்தோடு கண்டிஷனரைத் தாராளமாகத் தடவிச் சிக்கெடுக்க வேண்டும். ஈரமும் வழவழப்பும் இருந்தால் பேனால் ஓட முடியாது. பிறகு பேன் சீப்பைத் தலைத்தோலில் படும்படி வைத்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒரே அமர்வில் தலை முழுவதும் இரண்டு முறை. வீட்டில் மற்றவர்கள் தலையையும் அன்றே பார்த்து, பேன் இருப்பவர்கள் எல்லோருக்கும் அதே நாளில் தொடங்க வேண்டும்.

“பேன் சீப்பால் நல்லா வாரு” என்றால் அது அறிவுரை. எந்த நாளில், எத்தனை முறை, எப்படி, எதுவரை என்பதும் சேர்ந்தால்தான் சிகிச்சை. மருந்தில்லாச் சிகிச்சைகள் பலருக்குப் பலிக்காமல் போவதற்கு முதல் காரணம், அவர்களுக்குக் கிடைத்தது அறிவுரை மட்டுமே என்பதுதான்.

மருத்துவத்தில் ‘மருந்தில்லாச் சிகிச்சை’ என்ற சொல்லுக்குள் வருபவை: குறிப்பிட்ட உடற்பயிற்சிகள், உடலை ஒரு வரிசையில் அசைத்து நிறுத்தும் முறைகள், தூக்கம் போன்ற பழக்கங்களைத் திட்டமிட்டு மாற்றுவது, தடி, பட்டி போன்ற கருவிகள். எல்லாம் ஒரு நோய்க்கென்று, சோதித்துப் பலன் கண்ட முறையில் செய்யப்படுபவை. கசாயமும் சூரணமும் லேகியமும் இதில் சேராது. உள்ளே போய் ரசாயனத்தால் வேலை செய்வது எதுவானாலும், செடியிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும், அது மருந்துதான். “மருந்தில்லாமல் குணம்” என்று வரும் விளம்பரங்களில் பல கடைசியில் ஒரு பொடியை விற்கின்றன என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, வலிப்பு ஆகியவற்றுக்குச் சாப்பிடும் மாத்திரை எதையும் இதைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது.

ஒரு மாத்திரையை எழுதும்போது மருத்துவர் பெயரை எழுதுகிறார், எத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறார், எந்த வேளை, எத்தனை நாள் என்றும் எழுதுகிறார். “நடங்க, எடையைக் குறைங்க” என்பதற்கு அப்படி எதுவும் இல்லை. குறை மருத்துவரிடம் மட்டும் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளில் வந்த 137 மருந்தில்லாச் சிகிச்சைகளை எடுத்து 2013இல் பரிசோதித்தார்கள். படித்துவிட்டு அப்படியே செய்யும் அளவுக்கு விவரம் இருந்தவை 39 சதவீதம்தான். பலன் உண்டு என்று கட்டுரை சொல்லும். என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாது. அடுத்த ஆண்டே, ஆய்வாளர்கள் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று 12 அம்சப் பட்டியல் ஒன்று வந்தது. ஆஸ்திரேலியாவின் பொது மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி, மருந்துக் கையேட்டைப் போலவே மருந்தில்லாச் சிகிச்சைகளுக்கு ‘ஹேண்டி’ என்ற கையேட்டை இணையத்தில் நடத்துகிறது. யாருக்கு, யாருக்குக் கூடாது, எப்படி, எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம்.

சில நோய்களை எடுத்து அந்த ‘எவ்வளவு’ எப்படி இருக்கும் என்று பார்க்கலாம்.

படுக்கையில் புரண்டால் வரும் தலைசுற்றல்

கட்டிலில் புரளும்போது, அலமாரியின் மேல்தட்டை அண்ணாந்து பார்க்கும்போது, குனிந்து நிமிரும்போது அறையே சுழல்கிறது. ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. தலையை அசைக்காமல் இருந்தால் ஒன்றும் இல்லை. இப்படி வந்தால் அது பெரும்பாலும் உள்காதுத் துகள் நகர்வதால் வரும் தலைசுற்றல்.

உள்காதில் ஒரு சிறு பைக்குள் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் அதே பொருள். வயதாலோ, தலையில் அடிபட்டோ, காரணமே தெரியாமலோ சில துகள்கள் கழன்று, பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழல்களில் விழுந்துவிடும். நிற்கும்போதும் படுக்கும்போதும் தாழ்வாக இருப்பது பின்புறக் குழல் என்பதால் பெரும்பாலும் அதில்தான் விழும். தலை திரும்பும்போது துகள்கள் உருண்டு குழலுக்குள் இருக்கும் திரவத்தைத் தள்ளும். தலை நின்ற பிறகும் திரவம் ஓடிக்கொண்டிருப்பதால், ‘இன்னும் சுழல்கிறோம்’ என்று மூளைக்குச் செய்தி போகும்.

அதாவது, குழாயில் மணல் புகுந்த மாதிரியான கோளாறு இது. சின்னரிசின் போன்ற மாத்திரைகள் சுற்றும் உணர்வை மழுங்கடிக்கும். துகளை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தாது. துகளைத் திருப்பி அனுப்ப, தலையைத்தான் திருப்ப வேண்டும். அமெரிக்காவில் போர்ட்லண்டைச் சேர்ந்த காது மருத்துவர் ஜான் எப்ளி 1992இல் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது.

அதற்கு முன் எந்தக் காது என்று தெரிய வேண்டும். மருத்துவர் உங்கள் தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்கு வெளியே சற்றுத் தாழும்படி பிடித்துக் கண்களைக் கவனிப்பார். பாதிக்கப்பட்ட காது கீழே இருக்கும்போது சில நொடி கழித்துக் கருவிழி சுழன்று சுழன்று துடிக்கும். இது 1952 முதல் நடைமுறையில் உள்ள டிக்ஸ்-ஹால்பைக் சோதனை. இந்தச் சோதனை செய்யாமல் எப்ளி முறையைத் தொடங்குவது, எந்தப் பூட்டு என்று தெரியாமல் சாவி போடுவதுதான்.

வலது காது என்று வைத்துக்கொள்வோம். கட்டிலில் கால் நீட்டி உட்காருங்கள். படுத்தால் தோள்களுக்கு அடியில் வருகிற இடத்தில் ஒரு தலையணை இருக்க வேண்டும். தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, அப்படியே வேகமாக மல்லாக்கச் சாயுங்கள். தோள் தலையணை மேலும், தலை பின்னால் சற்றுத் தொங்கியும் இருக்கும். சுற்றும், பயப்பட வேண்டாம், துகள் நகர்வதன் அடையாளம் அது. சுற்று நின்ற பிறகும் 30 நொடி அப்படியே இருங்கள். அடுத்து, தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 பாகை திருப்பி 30 நொடி. பிறகு உடம்பை இடப்பக்கம் ஒருக்களித்து, தலையை இன்னும் 90 பாகை திருப்ப வேண்டும். மூக்கு கிட்டத்தட்டத் தரையைப் பார்க்கும். அங்கே 30 நொடி. கடைசியாக, முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தியபடியே மெல்ல எழுந்து கால்களைத் தொங்கவிட்டு உட்காருங்கள். சில நிமிடம் எழுந்து நடக்க வேண்டாம். இடது காதுக்கு எல்லாத் திசையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல்முறை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ செய்துகாட்ட, அருகில் ஒருவர் துணையோடு செய்வதே சரி.

தவறுவது பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் திருப்பும்போது கழுத்து வலிக்கிறதென்று தலையைக் கொஞ்சம் தூக்கிவிடுவார்கள். தூக்கிய உடனே குழலின் சரிவு மாறி, ஏறிக்கொண்டிருந்த துகள்கள் வந்த வழியே இறங்கிவிடும். தலையணையைத் தோளுக்கு வைக்காமல் தலைக்கு வைப்பதும் அதே விளைவைத் தரும். மூன்றாம் கட்டத்தில் மூக்கு சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டால் துகள் குழலின் வாய்வரை வந்து வெளியே விழாது. 30 நொடியை 10 நொடியாக்குவதும் வீண்தான்: நுண்துகள் திரவத்தில் மெல்லத்தான் இறங்கும். எல்லாம் சரியாகச் செய்தும் பலன் இல்லையென்றால் துகள் பக்கவாட்டுக் குழலில் இருக்கலாம்; அதற்கு வேறு சுழற்சி முறை உண்டு.

பலன் எவ்வளவு? சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒப்பிடுவதற்காகப் பாவனையாக மட்டும் சிகிச்சை செய்யப்பட்டவர்கள் அல்லது சிகிச்சையே பெறாதவர்களில் 21 சதவீதத்தினருக்குத் தலைசுற்றல் முழுதாகப் போனது. எப்ளி முறை செய்தவர்களில் 56 சதவீதத்தினருக்கு. முதல் முறை போகாதவர்கள் மறுபடி செய்யலாம். பின்னால் திரும்பவும் வரக்கூடும். வந்தால் அதே முறைதான். செய்த பிறகு இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும், குனியக் கூடாது என்று முன்பு சொல்வார்கள். அது தேவையில்லை.

கழுத்து எலும்பு நோய், கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு, விழித்திரை விலகல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. சுற்றல் நிற்காமல் மணிக்கணக்கில் நீடித்தால், பேச்சு குழறினால், இரட்டையாகத் தெரிந்தால், கை கால் மரத்தால், திடீரென்று காது கேட்காமல் போனால், இதுவரை வராத தலைவலி வந்தால் இது துகள் நோய் இல்லை, பக்கவாதமாகவும் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தூக்கத்தைக் குறைத்துத் தூக்கம் வரவழைப்பது

மாதக்கணக்கில் தூக்கமில்லாதவருக்கு முதல் சிகிச்சையாக நடத்தை முறையைத்தான் தர வேண்டும், மாத்திரையை அல்ல என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. இதன் மையத்தில் இருக்கும் உத்தி கேட்பவர்களுக்கு அநியாயமாகத் தோன்றும்: படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் விவரித்தது.

தூக்கம் வராதவர் இயல்பாகவே சீக்கிரம் படுத்து, தாமதமாக எழுந்து ஈடுகட்டப் பார்ப்பார். விளைவு, கிடைக்கும் ஐந்தரை மணித் தூக்கம் எட்டு மணி நேரத்துக்குத் துண்டு துண்டாகப் பரவிவிடும். படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று உடல் பழகிவிடும்.

முதலில் ஒன்றிரண்டு வாரம் தூக்கக் குறிப்பேடு. எப்போது படுத்தேன், சுமாராக எப்போது தூங்கினேன், இரவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தேன், எப்போது எழுந்தேன். காலையில் எழுதினால் போதும். இரவில் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை படுக்கையில் இருக்கிறார், சராசரியாக ஐந்தரை மணி தூங்குகிறார் என்றால் தூக்கத் திறன், அதாவது படுக்கையில் இருந்த நேரத்தில் தூங்கிய பங்கு, 69 சதவீதம். எழும் நேரத்தை 6 மணி என்று நிலைப்படுத்திவிட்டு, ஐந்தரை மணி பின்னால் எண்ணினால் படுக்கும் நேரம் இரவு 12.30. அதற்கு முன் எவ்வளவு கண் சொக்கினாலும் படுக்கைக்குப் போகக் கூடாது. எவ்வளவு குறைவாகத் தூங்குபவரானாலும் படுக்கையில் இருக்கும் நேரத்தை 5 மணி நேரத்துக்குக் கீழே இறக்கக் கூடாது.

வாரம் ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும். படுத்த நேரத்தில் 85 சதவீதமோ அதற்கு மேலோ தூங்கியிருந்தால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் கொண்டுவரலாம்: 12.30 இனி 12.15. 80க்கும் 85க்கும் நடுவில் என்றால் மாற்றம் இல்லை. 80க்குக் கீழே என்றால் 15 நிமிடம் தாமதமாகப் படுக்க வேண்டும். பகலில் சோர்வில்லாமல் இருக்கும் அளவுக்குத் தூக்கம் வளரும்வரை இப்படியே 15, 15 நிமிடமாகப் போக வேண்டும்.

இதோடு அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் சொன்ன விதிகளும் சேரும். படுத்துச் சுமார் 20 நிமிடத்தில் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, தூக்கம் வந்ததும் திரும்ப வேண்டும். படுக்கையில் போன் கூடாது, டிவி கூடாது, வீட்டுக் கணக்கு கூடாது. ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டில் ‘வேறு இடம்’ என்பது பாயிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்காருவதாக இருந்தாலும் போதும்.

முதல் வாரம் மோசமாகத்தான் இருக்கும். பகலில் கண்ணைச் சொருகும், எரிச்சல் வரும். பலர் இங்கேயே விட்டுவிடும் அபாயம் இருப்பதால், இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதி. அந்த நாள்களில் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டு மணிவரை தூங்கினால் ஆறு நாள் சேர்த்த தூக்க அழுத்தம் கரைந்து, அன்று இரவு மறுபடி விழிப்புதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான குட்டித் தூக்கமும் அதே கெடுதல் செய்யும். வலிப்பு நோய், இருமுனை மனநோய், தூக்கத்தில் நடக்கும் பழக்கம், சிகிச்சை பெறாத குறட்டை-மூச்சுத்தடை உள்ளவர்களுக்கும், ஓட்டுநர்களுக்கும் உயர்ந்த இடத்தில் வேலை செய்பவர்களுக்கும் இந்த முறையை மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் தொடங்கக் கூடாது.

முழங்காலும் கைத்தடியும்

மூட்டுத் தேய்மானம் என்ற பெயரே தவறான பயத்தைத் தருகிறது. அசைத்தால் மேலும் தேயும் என்று காலை ஓய்வில் வைக்கிறார்கள். தொடைத் தசை மெலிகிறது, மூட்டின் மேல் சுமை கூடுகிறது, வலி அதிகமாகிறது. தசையை மீட்பதுதான் சிகிச்சை. உறுதியான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருதல். உட்கார்ந்தபடி முழங்காலை நேராக நீட்டி 5 நொடி நிறுத்துதல். தாழ்ந்த படியில் ஏறி இறங்குதல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, அதை 2 அல்லது 3 சுற்று, வாரத்தில் 3 நாள், குறைந்தது 8 முதல் 12 வாரம். 12 முறை எளிதாகிவிட்டால் கணுக்காலில் அரை கிலோ மணல் பை கட்டிக்கொள்ளலாம். நாற்காலியைச் சற்றுத் தாழ்வாக்கலாம். ஆறு மாதமாக அதே பத்து முறையைச் செய்பவருக்குத் தசை வளராது.

வலித்தால் நிறுத்துவதா? 10க்கு 5 வரையான வலி பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் போதும். வரவில்லையென்றால் அடுத்த முறை எண்ணிக்கையைக் குறையுங்கள், பயிற்சியை விட வேண்டாம். பருமன் உள்ளவர்களிடம் அளந்ததில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் நாலு கிலோ குறைந்தது.

தடியை வலிக்கும் காலின் பக்கமே பிடிப்பவர்கள்தான் தெருவில் அதிகம். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது கால் முன்னே போகும்போது தடியும் கூடவே போய் ஊன்றும். உடல் எடை இரண்டுக்கும் பகிர்ந்துபோகும். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். உயரமாக இருந்தால் தோள் வலிக்கும், குட்டையாக இருந்தால் முதுகு வளையும். நுனி ரப்பர் வழவழப்பானால் அன்றே மாற்றுங்கள்.

குதிகால் வலிக்கும், முழங்கால் பயிற்சியைப் போலவே, சுமை ஏற்றிப் பழக்கும் கொள்கைதான். சுருட்டிய துண்டைக் கால்விரல்களுக்கு அடியில் வைத்து, படி விளிம்பில் நின்று, குதிகாலை 3 நொடி ஏற்றி, 2 நொடி நிறுத்தி, 3 நொடி இறக்குதல். தினமும் கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று மாதத்தில் இது வெறும் நீட்டல் பயிற்சியைவிட நன்றாக இருந்தது. ஓராண்டில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இருமினால் சிறுநீர் கசிவது

பிரசவத்துக்குப் பிறகும் மாதவிடாய் நின்ற பிறகும் பல பெண்கள் வெளியே சொல்லாமல் துணியை மாற்றிக்கொண்டு வாழும் தொல்லை. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் விவரித்த இடுப்புத்தளத் தசைப் பயிற்சிதான் இதற்கு முதல் சிகிச்சை. காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோலவும் சிறுநீரை நிறுத்துவதுபோலவும் ஒரே நேரத்தில் உள்ளுக்கும் மேலுக்குமாக இழுக்க வேண்டும். ஒரு வேளைக்கு குறைந்தது 8 இறுக்கம், நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். ஒவ்வொரு இறுக்கத்தையும் முதலில் 3 நொடி, பின்பு மெல்ல 10 நொடிவரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும்.

மூச்சை அடக்கி, வயிற்றை இறுக்கி, முக்குவதுபோலக் கீழே தள்ளுபவர்கள் நிறைய. அது கசிவைக் கூட்டும். பிட்டமும் தொடையும் இறுகினாலும் வேலை வேறு தசைக்குப் போகிறது. செய்யும்போது இயல்பாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் சரி. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பது தசையைக் கண்டுபிடிக்க ஒருமுறை போதும். அதையே பயிற்சியாக்கினால் பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். தும்மல், இருமல் வருகிறது என்று தெரிந்த கணத்தில், குடத்தைத் தூக்குவதற்கு முன், தசையை இறுக்கிக்கொள்வதையும் பழகிக்கொள்ளுங்கள். சிறுநீரில் ரத்தம், எரிச்சல், அடிவயிற்றில் ஏதோ இறங்குவது போன்ற உணர்வு இருந்தால் பயிற்சிக்கு முன் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

பிசியோதெரபிஸ்ட் அல்லது மருத்துவர் இப்படி ஒரு சிகிச்சையைச் சொன்னால், எழுந்து வருவதற்கு முன் அவர் எதிரிலேயே ஒருமுறை செய்துகாட்டுங்கள். வீட்டில் நடக்கும் தவறுகளில் பலவும் அங்கேயே தெரிந்துவிடும். எத்தனை முறை, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை வாரம் என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எப்போது கூட்டுவது, எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவது, பலன் தெரிய எவ்வளவு காலம் காத்திருப்பது என்றும் கேளுங்கள். மறுபடி வந்து காட்ட வேண்டிய தேதியையும் அதே சீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.